பெரும்பொழுதும் பொழுதுபோக்கும்

சொந்த ஊரைச் சுற்றிப் பருவத்துக்குப் பருவம் போட்டோ எடுத்துக்கொண்டிருப்பவனுக்குத் தார்மீகப் பிரச்னை எதுவும் இருக்க முடியாது என்பது பொதுவான அபிப்பிராயம். யுத்தகளத்தில் காமிராவோடு நிற்பவனுக்கு அது உண்டு. பட்டினிச் சாவின் முன் நிற்பவனுக்கு உண்டு. விளம்பரத்துக்குப் படம் பிடிப்பவனுக்கும், ஒரு பொய்க்குத் துணைபோகிறோமா என்ற அளவிலாவது, உண்டு. மலையையும் மேகத்தையும் எடுத்துக்கொண்டிருப்பவன் யாரையும் இம்சிக்கவில்லை, யாரிடமும் காசு வாங்கவில்லை, அவனுடையது பொழுதுபோக்கு. இந்த அபிப்பிராயம் எவ்வளவு தூரம் சரி என்று பார்ப்பதே என் நோக்கம். நானே அப்படி ஒரு பொழுதுபோக்கி என்பதால் இதில் எனக்குச் சொந்த அக்கறையும் உண்டு.

பொழுதுபோக்கு என்ற சொல்லிலேயே விஷயம் தொடங்கிவிடுகிறது. தமிழில் பொழுது என்பது கடிகாரம் காட்டும் நேரம் மட்டுமல்ல. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆண்டைப் பகுத்துப் பெரும்பொழுது என்றார்கள். மாலை, யாமம், வைகறை என்று நாளைப் பகுத்துச் சிறுபொழுது என்றார்கள். நிலமும் இந்தப் பொழுதும் சேர்ந்துதான் தொல்காப்பியத்தில் முதற்பொருள். அதாவது மனித வாழ்வு நிகழ்வதற்கே ஆதாரமானவை. அதே சொல்லைப் பிற்காலத்தில், எப்படியாவது கழித்துத் தொலைக்கவேண்டிய ஒன்று என்ற அர்த்தத்தில் பயன்படுத்த ஆரம்பித்தோம். அமெச்சூர் போட்டோக்காரன் இந்த இரண்டு அர்த்தங்களுக்கும் நடுவில் நிற்கிறான். தன் சிறுபொழுதைப் போக்க, அவன் ஊரின் பெரும்பொழுதைப் பிடித்து நிறுத்துகிறான். அந்தப் பெரும்பொழுது யாருடையது என்ற கேள்வி அவனுக்கு எழுவதில்லை; அது எல்லோருடையதும்தானே என்று இருந்துவிடுகிறான்.

என் ஊர் ராசிங்காபுரம். போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம் போகும் சாலையில், மலையடிவாரத்தை ஒட்டி இருக்கிறது. 1996-ல் தேனி மாவட்டம் பிரியும்வரை மதுரை ஜில்லா. மேற்கே பார்த்து நின்றால் கண்ணுக்கு எட்டிய மட்டும் மலைச்சுவர். சூரியன் கிழக்கே எழுவதால் காலையில் மலை முழுதும் வெளிச்சத்தில் நனைந்து, ஒவ்வொரு மடிப்பும் தனித்தனியாகத் தெரியும். சாயங்காலம் நேர்மாறு. சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிவிட, பொழுது சாய்வதற்கு முன்பே ஊர்மேல் மலையின் நிழல் விழுந்துவிடும். வானத்தில் வெளிச்சம் மிஞ்சியிருக்கும், தரையில் இருக்காது. காமிரா வைத்திருப்பவனுக்கு இதைவிட வசதியான ஊர் கிடைப்பது கஷ்டம்.

பருவங்களும் அப்படியே. மாசி பங்குனியில் மலைப்புல் காய்ந்து பழுப்பாகும். இலவ மரங்கள் இலையெல்லாம் உதிர்த்துக் காயை மட்டும் தொங்கவிட்டு நிற்கும். சித்திரைக்குள் வெடித்துப் பஞ்சு பறக்கும். இலவு காத்த கிளியை இந்தப் பக்கத்தில் யாரும் பழமொழியாக மட்டும் தெரிந்துகொள்ளவேண்டியதில்லை. ஆனி ஆடியில் காற்று. சாதாரணக் காற்றல்ல, தென்னைகளை ஒரே திசைக்குச் சீவிவிட்டது மாதிரி சாய்க்கிற காற்று. அப்போது மலைமுகட்டில் ஒரு வெள்ளைச் சுவர் எழும்பும். தென்மேற்குப் பருவமழையின் மேகம் அது. மணிக்கணக்கில் முகட்டின்மேலேயே கவிந்து நிற்கும். விளிம்பிலிருந்து பிசிறு பிசிறாகக் கீழே வழிந்து, பாதி வழியில் காணாமற் போகும். ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கு மழை வந்து மலை பச்சையாகி, ஓடைகள் வெள்ளிக்கோடாகத் தெரியும். மார்கழியில் வயலின்மேல் மூடுபனி. ஒரு வருஷத்து ஆல்பத்துக்கு இது போதும். காலண்டர்க்காரர்களுக்கும் போதும்.

இந்த வரிசையில் மிக அழகானது எதுவென்று கேட்டால், ஆடி மாதத்து மேகச்சுவர் என்றே சொல்வேன். அந்த மேகம் நிற்பதுபோலத் தெரிகிறதே தவிர நிற்கவில்லை. ஈரக்காற்று கேரளப் பக்கத்தில் மலையேறும்போது குளிர்ந்து மேகமாகி மழையைக் கொட்டிவிடுகிறது. முகட்டைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது சூடேறி, மேகம் கரைந்துவிடுகிறது. ஒவ்வொரு கணமும் மேற்கே பிறந்து கிழக்கே அழிந்துகொண்டிருப்பதைத்தான் நாம் ஒரு சுவராகப் பார்க்கிறோம். பூகோளப் புத்தகம் எங்கள் நிலத்தை மழைமறைவுப் பிரதேசம் என்று சொல்கிறது. எங்களுக்குத் தெரிகிற அந்த அழகும், எங்களுக்குக் கிடைக்காத அந்த மழையும் ஒரே நிகழ்ச்சி. மேகம் கரையாமல் இறங்கிவந்தால் படம் கெட்டுவிடும். மானாவாரி நிலம் பிழைத்துவிடும். அழகு ஒரு பக்கம், இல்லாமை இன்னொரு பக்கம் என்று இதைப் பிரிக்க வழியில்லை. ஒரே காற்று செய்கிற ஒரே காரியம் இது.

இதற்கு ஒரு விளைவு உண்டு. மழை அந்தப் பக்கம் விழுவதால் ஏலக்காய் அந்தப் பக்கம் விளைகிறது. வேலை அந்தப் பக்கம் இருக்கிறது. ஆள் இந்தப் பக்கம் இருக்கிறார்கள். போடி, தேவாரம், கம்பம் வட்டாரத்துக் கிராமங்களிலிருந்து ஜீப்புகள் விடிவதற்கு முன்பே கிளம்பி மலையேறுகின்றன. போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். மேலே பூப்பாறை, சாந்தம்பாறை, ராஜகுமாரி என்று ஏலத்தோட்டங்கள். ஆடி ஆவணியில் தொடங்கித் தை மாசி வரைக்கும் காய் எடுப்பு. முப்பது, நாற்பது நாளைக்கு ஒரு சுற்று. ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. தூரிலிருந்து கிளம்பித் தரையோடு கிடக்கும் சரத்தில் காய்க்கிறது. ஆகவே பகல் முழுவதும் ஈரத்தில் குந்தியோ குனிந்தோதான் எடுத்தாகவேண்டும். பெரும்பாலும் பெண்கள். மலைநிழல் ஊரில் விழுந்தபிறகு ஜீப்புகள் திரும்பும்.

பகல் வெளிச்சத்தில் காமிராவோடு வெளியே வருகிற எனக்கு ஊர் ஏன் இவ்வளவு அமைதியாக, ஆளரவமற்று, தியானத்தில் இருப்பதுபோலக் கிடைக்கிறது என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. அந்த அமைதி இயற்கை கொடுத்ததல்ல. ஊரில் பாதிப்பேர் முகட்டுக்கு அப்பால் வேலையில் இருக்கிறார்கள். என் படத்தில் தெரியும் வெறுமையே அவர்கள் உழைப்பின் தடயம்.

போட்டோவின் ஆரம்ப நாளிலும் இப்படி ஒரு வெறுமை இருந்தது. 1839-ல் உலகத்துக்கு அறிவிக்கப்பட்ட இந்தக் கலை, இருபது வருஷத்துக்குள் மதுரைக்கு வந்துவிட்டது. லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி 1858-ல் வெளியிட்ட மதுரைப் படங்களில் கோயிலும் மகாலும் பெரும்பாலும் ஆளில்லாமல் நிற்கின்றன. அன்றைய காகித நெகட்டிவில் ஒளி பதிய வெகுநேரம் பிடிக்கும். நடமாடுகிறவர்கள் பதியாமல் அழிந்துபோவார்கள். அசையாதது மட்டும் மிஞ்சும். இன்று என் காமிரா ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் பதிக்கிறது. இருந்தும் ஆட்கள் இல்லை. ட்ரைப்பின் படத்தில் மனிதர்களை அழித்தது காமிராவின் நேரம். என் படத்தில் அழிப்பது கூலியின் நேரம்.

சரி, ஆட்களைச் சேர்த்து எடுத்துவிட்டால் தீர்ந்ததா? இங்கே தொழில்நுட்பமே ஒரு கேள்வியைக் கேட்கிறது. சாயங்காலம், ஜீப்பிலிருந்து இறங்கி ஒரு பெண் நடந்து வருகிறாள். அவளுக்குப் பின்னால் மலை; மலைக்குப் பின்னால் ஒளி ததும்பும் வானம். வானத்துக்கு ஒளியை அளந்து எடுத்தால் மேகத்தின் வர்ணமெல்லாம் விழும், அவள் முகம் கறுத்து வெறும் உருவக்கோடாகிவிடும். முகத்துக்கு அளந்தால் முகத்தின் களைப்பு வரை தெரியும், மேகம் வெளுத்து இல்லாமற் போகும். பிலிமின் தாங்குதிறனுக்குள் இரண்டையும் அடக்க முடியாது. எதற்கு அளப்பது என்று முடிவு செய்தே தீரவேண்டும். போட்டிகளில் பரிசு பெறுவது பெரும்பாலும் உருவக்கோடுதான். முகம் இல்லாத மனுஷி, வர்ணங்களுள்ள வானம். அவள் யாராகவும் இருக்கலாம் என்பதே அந்தப் படத்தின் கவர்ச்சி.

இன்றைய கைபேசி இந்த நெருக்கடியை இல்லாமற் செய்துவிட்டது. ஒரே அழுத்தலில் பல அளவுகளில் எடுத்து, முகத்தை ஒன்றிலிருந்தும் மேகத்தை இன்னொன்றிலிருந்தும் எடுத்து ஒட்டிக் கொடுத்துவிடுகிறது. எல்லாம் தெளிவு; எல்லாம் அழகு. நிஜத்தில் ஒன்றை ஒன்று மறைத்துக்கொண்டிருந்த இரண்டு விஷயங்கள் படத்தில் சமாதானமாகிவிட்டன. இயந்திரம் தேர்வை எடுத்துக்கொண்டுவிட்டதால் தேர்வே இல்லை என்று நமக்குத் தோன்றுகிறது. கேள்வி தீர்ந்துவிடவில்லை, நம் பிரக்ஞையிலிருந்து நழுவிவிட்டது, அவ்வளவுதான்.

ஆட்களைச் சட்டத்துக்குள் கொண்டுவருவது மட்டும் ஏன் போதாது என்பதைத் தமிழ்ப் பொருளிலக்கணத்தை வைத்து யோசித்தால் இன்னும் தெளிவாகிறது. முதற்பொருளுக்கு அடுத்தது கருப்பொருள்: தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, செய்தி. அதற்கும் மேலே உரிப்பொருள். கூடலும் பிரிவும் காத்திருத்தலும், அதாவது மனிதருக்கு நேர்வது. முதலைவிடக் கருவும், கருவைவிட உரியும் சிறந்தது என்று இலக்கணம் வரிசைப்படுத்துகிறது. நிலமும் பொழுதும் கருவும் இடம் மாறி வரலாம். உரிப்பொருளுக்கு அந்தச் சலுகை இல்லை. காமிரா முதற்பொருளை அபாரமாகப் பதிவு செய்கிறது. கருப்பொருளை அதைவிட நன்றாக. சட்டத்தின் ஓரத்தில் கூடையோடு ஒரு பெண்ணை நிறுத்தினால் அவளும் மரத்தோடும் பறவையோடும் சேர்ந்து கருப்பொருளாகிறாள். அவளுக்கு நேர்வது எதுவோ அது படத்துக்கு வெளியே நிற்கிறது. மலையடிவாரப் பெண்ணுக்கு நேர்வது பிரிவுதான். தினமும் இருட்டில் பிரிந்து, இருட்டில் கூடுகிற பிரிவு. தூங்குகிற குழந்தையை விட்டுப் புறப்பட்டு, தூங்கப்போகிற குழந்தையிடம் திரும்புகிறாள். இதை எந்த ஷட்டர் வேகத்தில் எடுப்பது?

உரிப்பொருள் படத்தில் இல்லை, பார்க்கிறவனின் அறிவில் இருக்கிறது என்பதற்கு எங்கள் மலையே ஒரு கடுமையான உதாரணத்தைக் கொடுத்தது. பங்குனிக்கு முன்னும் பின்னும் காய்ந்த புல்லில் தீ பிடிப்பதுண்டு. ராத்திரி ஊரிலிருந்து பார்த்தால் மலையின் மார்பில் ஒரு பொன் சரடு வளைந்து வளைந்து நகரும். முக்காலி போட்டு நிறுத்தி நிதானமாக எடுக்கலாம். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் அந்தத் தீக்குள் மலையேற வந்தவர்கள் சிக்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மலையைப் பார்க்க ஆசைப்பட்டு வந்தவர்கள்; பெண்களே அதிகம். அதற்கு முந்தைய வருஷத்தின் தீச்சரடையும் அந்தச் சம்பவத்துக்குப் பின் வந்த வருஷத்தின் தீச்சரடையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், படம் என்ற அளவில் வித்தியாசம் ஏதுமில்லை. அதே வளைவு, அதே பொன். ஆனால் இரண்டாவதைச் சுவரில் மாட்ட என்னால் முடியாது. தூரம்தான் தீயை நகையாக்குகிறது. அது எவ்வளவு தூரம் என்பதைப் படம் சொல்வதில்லை. நாம்தான் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அதே 2018-ல், பன்னிரண்டு வருஷத்துக்கொரு தரம் பூக்கும் நீலக்குறிஞ்சியும் இந்த மலைத்தொடரில் பூத்தது. காமிராக்கள் மறுபடி மேலே போயின.

அதே வருஷம் ஆகஸ்டில் வெளிவந்தது லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’. ஏலக்காய் மூட்டை சுமந்து மலைப்பாதையில் ஏறி இறங்குகிறவர்களின் கதை. அந்தப் படத்தில் மலையின் அழகு எங்கும் குறைத்துக் காட்டப்படவில்லை. தேனி ஈஸ்வரின் காமிரா அதை முழுசாகவே தருகிறது. ஆனால் ஒவ்வொரு காட்சியும் ஒருவன் நடந்து சென்றடைந்த காட்சியாக இருக்கிறது. அழகோடு கூடவே மூச்சிரைப்பும் வருகிறது. கடைசியில் தனக்கென்று இருந்த துண்டு நிலத்தில் நிற்கும் காற்றாலைக்கே அவன் காவல்காரனாகிறான். காற்றாலைகள் வரிசையாக நிற்பது எந்தப் போட்டோக்காரனுக்கும் பிடித்த காட்சி. அந்தப் படத்தைப் பார்த்தபிறகு அதை வெறும் காட்சியாக எடுக்க முடிவதில்லை. சினிமாவுக்குக் காலம் உண்டு, அதனால் நடக்க முடிகிறது. நிலைப்படத்துக்கு அது இல்லை. அப்படியானால் நிலைப்படக்காரன் என்ன செய்யலாம்?

அதற்குமுன் ஒரு ஆட்சேபணை. இதெல்லாம் குற்றவுணர்ச்சியைப் பயிராக்குவதல்லவா, மேகத்தை ரசிக்கிறவன் ஒவ்வொரு தடவையும் கூலிக்கணக்கு ஒப்பிக்க வேண்டுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ரசனையை வசதியுள்ளவனின் பாவமாக்கி, உழைக்கிறவனுக்கு அழகே தெரியாது என்று முடிப்பது இரக்கத்தின் வேஷத்தில் வரும் அகம்பாவம். மலைக்கு வேலைக்குப் போகிற ஒரு அக்காள் என்னிடம் சொன்னாள்: “நீ கீழ நின்னு மலையப் பாக்குற தம்பி. நாங்க விடியக்காலம் மேல வளைவுல திரும்பையில ஊரப் பாப்போம். போடி லைட்டெல்லாம் முறத்துல கொட்டி வச்ச மாதிரி கெடக்கும். அத எடுத்திருக்கியா நீ?” எடுத்ததில்லை. அவளுக்கு இருக்கும் காட்சி என்னிடம் இல்லை. நான் முன்னிலும் அவள் பின்னணியிலும் இருப்பதாக என் படம் சொல்கிறது; அவள் நிற்குமிடத்திலிருந்து நானும் என் காமிராவும் அந்த முறத்தில் கிடக்கும் ஒரு பொட்டு வெளிச்சம். ஆகவே பிரச்னை அழகை அனுபவிப்பதா வேண்டாமா என்பதல்ல. அழகு ஒரே ஒரு நிற்குமிடத்துக்குச் சொந்தமானது என்று நினைத்துக்கொள்வதுதான்.

2020 மார்ச் 25-ல் ஊரடங்கு வந்தது. மாநில எல்லை அடைபட்டது, ஜீப்புகள் நின்றன. ராசிங்காபுரம் பகலில் நிரம்பியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். திண்ணையிலும் வேப்பமரத்தடியிலும் ஆட்கள். வாகனப் புகை இல்லாத வானத்தில் மலை கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. “பகல்ல எங்க மூஞ்சியப் பாத்திருக்கியா? இப்ப எடுத்துக்க” என்று அதே அக்காள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. அன்று எடுத்த படங்களில் மலையும் மனிதரும் ஒரே வெளிச்சத்தில் சேர்ந்து இருக்கிறார்கள். போட்டோக்காரன் ஆசைப்படும் முழுமை. ஆனால் அந்த முழுமைக்கு அர்த்தம் கூலி இல்லை என்பது. காலியான சட்டம் வேலை நடப்பதைச் சொல்கிறது. நிரம்பிய சட்டம் வேலை நின்றதைச் சொல்கிறது. விஷயம் தெரியாதவன் இரண்டையும் தலைகீழாக வாசிப்பான்.

ஆகவே கடமை சட்டத்துக்குள் எதை வைப்பது என்பதில் முடிவதில்லை. படத்தோடு கூட எதை வைத்திருப்பது என்பதில் இருக்கிறது. இந்த விஷயத்தில் எனக்கு முன்மாதிரி மா. கிருஷ்ணன். தானே ஒட்டுப்போட்டுச் சேர்த்த காமிராவில் கறுப்பு வெள்ளையில் காட்டு விலங்குகளை எடுத்தவர். 1950-லிருந்து 1996-ல் இறக்கும்வரை ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் இயற்கை பற்றிய பத்தியை விடாமல் எழுதியவர். அவர் படத்தை அதற்குரிய தகவலிலிருந்து பிரிக்கவே முடியாது. யானை என்ன செய்துகொண்டிருந்தது, ஏன் என்று தெரிந்தபிறகே அவர் படம் முழுமையாகிறது. விலங்குக்கு அவர் காட்டிய அந்த மரியாதையை மனிதருக்கு நாம் காட்டக்கூடாதா?

பெரிய காரியம் எதையும் நான் சொல்லவில்லை. அமெச்சூருக்கு இரண்டு சௌகரியங்கள் உண்டு. சந்தைக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஊரைவிட்டுப் போக வேண்டியதில்லை. மலையை எடுத்துவிட்டு பஸ் ஏறுகிறவனுக்கு இல்லாத ஒன்று இவனிடம் இருக்கிறது: அடுத்த ஆடியிலும் அதே இடத்தில் நிற்கலாம். அந்தத் திரும்ப நிற்றலில்தான், ஒரு படத்துக்கு எட்டாத காலம் பத்துப் படங்களுக்கு எட்டுகிறது. இலவு காத்த கிளி ஏமாந்தது காத்திருந்ததால் அல்ல. எதற்குக் காத்திருக்கிறோம் என்று தெரியாததால்.

பிரிண்ட் போட்ட படங்களின் பின்புறத்தில் போட்டோக்காரர்கள் அப்பர்ச்சரும் ஷட்டர் வேகமும் குறித்துவைப்பது வழக்கம். சில வருஷங்களாக நான் வேறு விஷயங்களைக் குறிக்கிறேன். என்ன மாதம், மழை எந்தப் பக்கம், மேலே எத்தனையாவது சுற்று எடுப்பு நடக்கிறது, அன்று ஜீப் போயிற்றா, படத்தில் இருக்க வேண்டியவர்கள் எங்கே இருந்தார்கள். முன்பக்கத்தில் மேகம் அப்படியே இருக்கிறது. அதன் அழகில் ஒரு பொட்டும் குறையவில்லை. ஆல்பம் பார்க்க வருகிறவர்கள் முன்பக்கத்தைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்கிறார்கள். மலைக்குப் போய்வருகிறவர்கள் யாராவது வந்தால் அவர்கள் படத்தைத் திருப்பிப் பின்னால் வாசிக்கச் சொல்கிறார்கள். சில சமயம், நான் எழுதியது தப்பு என்று சொல்லி, அன்றைக்கு மேலே என்ன நடந்தது என்று அவர்கள் சொல்லத் தொடங்குகிறார்கள்.